சுரேஷ்குமாருக்கு நான் விற்ற அடுப்பு

ஆளைப் பார்த்தே அவர் என்ன சமைக்கப் போகிறார் என்று சொல்லிவிடுவேன் என்று சத்வாவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்தவனும் நான்தான். வேறு யாரும் அப்படிச் சொல்லி நான் இதுவரை கேட்டதில்லை.

முகம்மது ரிபாய் என்பது வாப்பா வைத்த பெயர். ஊர் கீழக்கரை, பிழைப்பு வளைகுடாவில். சத்வாவில் தையல்கடைகள் இருக்கும் தெருவுக்குப் பின்சந்தில், ஹோட்டல் சாமான் கடையில் சேல்ஸ்மேன். அண்டா, தேக்சா, பரோட்டாக் கல், டீ பாய்லர், கேஸ் அடுப்பு எல்லாம் விற்கிறோம். பி.காம் முடித்திருந்த எனக்கு அக்கவுண்டன்ட் வேலை என்றுதான் விசா வந்தது. வந்து இறங்கிய அன்று முதலாளி செய்கு அலாவுதீன் ஹாஜியார், "ஒரு வாரம் கடை முன்னால நில்லு. சாமான் பேரெல்லாம் பழகுனதும் சீட்டுல ஒக்காரலாம்" என்றார். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. இதற்குள் என் மூத்த மகள் காலேஜுக்குப் போய்விட்டாள்.

அடுப்பு விற்கிறேனே தவிர அடுப்பில் எதையும் சமைத்தது கிடையாது. ரூமில் ஆறு பேர். சமையல் மற்ற ஐந்து பேருக்குள் சுற்றும். பாத்திரம் கழுவுவது நிரந்தரமாக என் டூட்டி. ஆனால் கடையில் நின்று பேசும்போது நான் ஆயிரம் பேருக்குப் பிரியாணி ஆக்கி இறக்கியவன் மாதிரி பேசுவேன். அதில்தான் வினை வந்தது.

போன வருஷம் நோன்பு பிறக்கச் சில நாள் இருக்கும்போது சுரேஷ்குமார் கடைக்கு வந்தார். திருப்பூர்ப் பக்கத்துக்காரர். ஏசி கான்ட்ராக்ட் கம்பெனியில் இன்ஜினீயர். ராஷிதியாவில் ஒரு பழைய வில்லாவின் பின்கட்டில், கொஞ்சம் முற்றத்தோடு, மனைவி அகிலாவும் அவருமாகக் குடியிருந்தார்கள். அவர் வந்தது வீட்டிலேயே பீர் காய்ச்ச ஒரு பெரிய அடுப்பு வாங்க. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்றைக்கு அது தெரியாமலே எல்லாம் தெரிந்த மாதிரி நின்றவன் அந்தக் கடையிலேயே நான் ஒருவன்தான். ஹாஜியாருக்கும் தெரியாது, ஆனால் அவர் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

"பாய், ப்ரோப்பேன் பர்னர் இருக்குங்களா?" என்று கேட்டார் சுரேஷ்குமார். அமெரிக்காக்காரர்களின் வீடியோவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

எனக்கு ப்ரோப்பேன் என்றால் என்னவென்று தெரியாது. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் இல்லை.

"அது பழைய மாடல் சார். இப்ப யாரும் கேக்குறது இல்ல."

"பழைய மாடலா? சிலிண்டருக்குள்ள இருக்கற கேஸுங்களே பாய் அது?"

"அது தெரியும் சார். ஒங்களுக்குத் தெரியுதான்னு பாத்தேன்."

மனுஷன் தங்கமானவர். சிரிக்கவில்லை. நாற்பது லிட்டர் கொதித்து வர எவ்வளவு நேரமாகும், கொதி வந்த பிறகு ஒரு மணி நேரம் விடாமல் கொதித்தால் அடிப்பிடிக்குமா, பொங்கி வழியப் போனால் தீயைச் சட்டென்று குறைக்க முடியுமா, முற்றத்துக் காற்றில் அணையுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஹோட்டல்காரர்கள் கூட இப்படிக் கேட்டதில்லை.

"என்ன சார் சமைக்கப் போறீங்க?"

அவர் திரும்பி கல்லாவைப் பார்த்தார். அங்கே ஹாஜியார் கையில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். சுரேஷ்குமார் குரலை இறக்கினார்.

"தானியந்தானுங்க. கொஞ்சம் பெரிய அளவுல காய்ச்சலாம்னு."

"எப்ப?"

"ரமலான்ல ஆபீஸ் சீக்கிரம் முடிஞ்சிருமுங்களே. மத்தியானத்துக்கு மேல நேரம் கெடைக்கும். ஃப்ரெண்ட்ஸ் கொஞ்சம் பேரு வர்றேன்னு சொல்லியிருக்காங்க."

நான் கணக்குப் போட்டேன். நாற்பது லிட்டர் தானியம். ரமலான் மாதம். சாயங்காலம். ஆட்கள் வருகிறார்கள். அடிப்பிடிக்கக் கூடாது. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஒரு இந்து சகோதரர் நோன்புக் கஞ்சி காய்ச்சி ஆட்களைக் கூப்பிட்டு நோன்பு திறக்க வைக்கப் போகிறார்! அதையும் யாருக்கும் தெரியாமல், குரலை இறக்கிச் சொல்கிறார்! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"சார், நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்குப் புரிஞ்சிருச்சு."

"புரிஞ்சிருச்சுங்களா?" என்றார் பயந்தபடி.

"யாருக்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன். அடுப்பைக் காட்டுவதற்குள் இரண்டு எட்டு வைத்துப் போய் ஹாஜியாரிடம் சொல்லிவிட்டேன்.

அடுப்பு இரண்டு வகை எடுத்து வைத்தேன். ஒன்று வார்ப்பிரும்பு வளைய அடுப்பு. தீ பரவலாக, சத்தமில்லாமல், பூ மாதிரி எரியும். இன்னொன்று ஜெட் அடுப்பு. நடுவில் ஒரே துவாரம். தனி ரெகுலேட்டர் வைத்துத் திறந்தால் விமானம் கிளம்புவது போலச் சத்தம் போடும்.

சுரேஷ்குமார் குனிந்து இரண்டையும் தடவிப் பார்த்தார். "இந்த வளையம் வெச்சதே சரியா வருமுங்க பாய். தீ பரவலா இருக்குது. அடிப்பிடிக்காது. பக்கத்து வீட்டுக்கும் சத்தம் கேக்காது."

அவர் சொன்னது முழுக்கச் சரி. அடுப்பைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் முதல் பார்வையிலேயே சரியான அடுப்பைக் கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு நான் எதற்கு? அப்படியே விட்டால் கடையில் என் மரியாதை என்னாவது?

"அது வீட்டம்மா பால் காய்ச்சுற அடுப்பு சார். பெரிய காரியத்துக்கு ஜெட்டுதான். எரியவச்சுக் காட்டுறேன், பாருங்க."

பின்சந்துக்குத் தூக்கிப்போய் சிலிண்டரை மாட்டி கேஸைத் திறந்தேன். லைட்டரைத் தேடினேன். அது சட்டைப் பையில் இல்லை, பேண்ட் பையில் இருந்தது. எடுத்து, குனிந்து, அமுக்கினேன்.

பெரிய விபத்து ஒன்றும் இல்லை. 'புஸ்' என்று ஒரு சத்தம். இடது புருவம் போய்விட்டது. வலது புருவத்தில் பாதி இருந்தது.

"பாய், லைட்டரைப் புடிச்சுட்டுத்தான் கேஸைத் தொறக்கோணும்னு அட்டையில போட்டிருக்குதுங்க" என்றார் சுரேஷ்குமார்.

"பவர் எப்புடினு காட்டுனேன் சார்."

பாவம், அந்த ஜெட் அடுப்பையே வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது.

பில் போடும்போது ஹாஜியார் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தார். "மாஷா அல்லாஹ். ரிபாயி சொன்னான். ரெகுலேட்டரும் டியூபும் நம்ம பங்கு, தம்பி. மொத வெள்ளிக்கெழமை நாங்களும் ஒங்க வீட்டுக்கே வர்றோம். ஒரு பன்னண்டு பேரு. கறி, தேங்காப்பால் எல்லாம் நாங்க கொண்டாந்துர்றோம். நீங்க கஞ்சி மட்டும் காச்சுங்க."

சுரேஷ்குமார் வாயைத் திறந்தார், மூடினார். நெற்றி முழுக்க வியர்த்தது. மனுஷன் நெகிழ்ந்துபோய் நிற்கிறார் என்று நான் நினைத்தேன்.

அன்றைக்கு ரூமுக்கு வந்து ஊரில் இருக்கும் என் மனைவி ஹிஃப்ஸாவுக்கு வீடியோ கால் போட்டேன். முதலில் புருவத்தைப் பற்றிக் கேட்டாள். அதைச் சுருக்கிச் சொல்லிவிட்டு, கதையை விரித்துச் சொன்னேன். அவள் அசையவில்லை.

"மச்சான், அவங்க வாயால நோம்புக் கஞ்சின்னு சொன்னாங்களா?"

"சொல்லல. நானா கண்டுபுடிச்சேன்."

"அப்ப அது கஞ்சியா இருக்காது."

எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என்னை நம்பி அவள் இன்றுவரை ஒரு குடை கூட எடுத்துவைத்தது இல்லை. நான் கோபமாக போனை வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து கடை வேனில் அடுப்பைக் கொண்டுபோய் ராஷிதியாவில் இறக்கினேன். முற்றத்தில் ஒரு சில்வர் பாத்திரம் இருந்தது. அடியில் குழாய் வைத்தது. கஞ்சியைக் கப்பில் பிடித்துக் கொடுக்க எவ்வளவு வசதி என்று வியந்தேன். பக்கத்தில் சுருள் சுருளாகச் செப்புக்குழாய். ஏசிக்காரர் வீட்டில் வேறு என்ன கிடக்கும்? நீளமான தெர்மாமீட்டர். இன்ஜினீயர் இல்லையா! ஒரு மூட்டை பார்லி. அதற்கும் எனக்குக் காரணம் கிடைத்தது. நோன்பாளிகளில் சர்க்கரைக்காரர்கள் இருப்பார்கள், கிட்னியில் கல் உள்ளவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு அரிசி ஆகாது என்று தனியாக யோசித்திருக்கிறார். ஒரு பையில் காய்ந்த பச்சை மொட்டுகள் இருந்தன. மோந்து பார்த்தேன். கசப்பு வாடை. ஊர் மூலிகை என்று முடிவு செய்தேன்.

அகிலா ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒவ்வொரு சாமானாக நான் விளக்கம் சொல்லச் சொல்ல அவர் துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, இவருகிட்ட நான் சொல்லிடட்டுமா?" என்றார் கணவனிடம்.

"வேண்டாம் அகிலா. பன்னண்டு பேரு வர்றாங்க. இப்ப வேண்டாம்."

அகிலா என் பக்கம் திரும்பினார். "சரி பாய், நோம்புக் கஞ்சி எப்படி வெக்கிறதுங்க? நாங்க குடிச்சிருக்கோம், வெச்சதில்ல."

'எனக்கும் தெரியாது, ஹிஃப்ஸாவைக் கேட்டுச் சொல்கிறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளிடம் அப்போதுதான் கோபித்துக்கொண்டிருந்தேன். தவிர, அடுப்பு விற்றவன் சமையலுக்கு வழி கேட்டால் நன்றாக இருக்குமா?

"ரொம்பச் சுலபம்மா. நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, கொத்துக்கறி. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுத் தீயைத் தொறந்துவிட்டா அதுவா வெந்துரும்."

"அரிசி எவ்வளவுங்க?"

பாத்திரத்தைப் பார்த்தேன். எவ்வளவு என்று எனக்கு எப்படித் தெரியும்? கையைப் பாத்திரத்தின் வயிற்றில் வைத்து, "இதுவரைக்கும்" என்றேன். அது பாதிக்குக் கொஞ்சம் கீழே இருந்தது.

கணக்கு டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவ்வளவாங்க?"

"ஆளு கூட வந்தா?" என்றேன்.

முதல் வெள்ளிக்கிழமை பிற்பகல் அசர் தொழுததும், கறியும் தேங்காய்ப்பாலும் எடுத்துக்கொண்டு நான் முன்னதாகப் போய்விட்டேன். அடுப்பை மூட்டும் வேலையைச் சுரேஷ்குமார் எனக்குத் தரவில்லை. அவரே லைட்டரைப் பிடித்துக்கொண்டு கேஸைத் திறந்தார். ஜெட் உறுமியது. பக்கத்து வில்லாவின் பலூச்சிக்காரர் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "கியா ஹுவா பாய்?", என்ன ஆச்சு என்று உருதுவில் கேட்டார். கஞ்சி என்று சத்தம் போட்டுச் சொன்னேன். அவர் காதில் விழவில்லை. தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு அரிசி வளர ஆரம்பித்தது. நான் கடையிலிருந்து கொண்டுவந்த நீளத் துடுப்பால் கிண்டினேன். துடுப்பு நகர மறுத்தது. தண்ணீர் ஊற்றினோம். அதையும் குடித்துவிட்டு இன்னும் வளர்ந்தது. சைட்டில் கான்கிரீட் இறுகுவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். நடுத்துவாரத்துத் தீ ஒரே இடத்தில் தாக்கியதில் அடியிலிருந்து புகை வாசம் கிளம்பியது. குழாயைத் திறந்தால் ஒரு சொட்டு வரவில்லை. உள்ளே பருப்பு அடைத்துக்கொண்டது.

"பாய், கொறைங்க, கொறைங்க!" என்று சுரேஷ்குமார் கத்தினார்.

நான் ரெகுலேட்டரைத் திருகினேன். எதிர்ப்பக்கமாகத் திருகிவிட்டேன்.

அந்த நேரம் வாசலில் வேன் வந்து நின்றது. ஹாஜியாரும் எங்கள் ஊர்க்காரர்களும் வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் பேரீச்சம்பழத் தட்டு சகிதம் இறங்கினார்கள். முற்றத்தில் புகை. நடுவில் அரைப் புருவத்தோடு நான், கையில் துடுப்பு. நோன்பு திறக்க இன்னும் அரைமணி நேரம் கூட இல்லை.

அகிலா உள்ளேயிருந்து வந்தார். குனிந்து சிலிண்டர் வால்வை மூடினார். உறுமல் நின்ற பிறகுதான் அவ்வளவு நேரமும் நாங்கள் எவ்வளவு சத்தத்தில் கத்தியிருக்கிறோம் என்று தெரிந்தது.

"பாய், நீங்க கிண்ட வேண்டாம். அந்தப் பக்கம் போய் உக்காருங்க. ஏனுங்க, அடியைத் தொடாம மேலாப்புல இருக்கறதை மட்டும் அள்ளிட்டு வாங்க."

கருகாத மேல்பாகத்தை வாளியில் அள்ளிக்கொண்டு போனார்கள். சமையலறையில் வீட்டு அடுப்பில், இரண்டு சாதாரணக் குண்டானில் வெந்நீரை ஊற்றிக் கரைத்து, தேங்காய்ப்பாலும் புதினாவும் ரம்பை இலையும் போட்டு, அகிலா அதைக் கஞ்சியாக்கினார். நான் முற்றத்து மூலையில் பார்லி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். ஹாஜியார் என்னைப் பார்த்தார். துடுப்பை என் கையிலிருந்து வாங்கிச் சுவரோரம் சாத்தினார். திட்டியிருந்தால் தேவலை.

பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழம், தண்ணீர். முற்றத்திலேயே பாய் விரித்து மஃரிப் தொழுதோம். பிறகு கஞ்சி வந்தது. முதல் வாயில் எல்லோரும் ஒரு நொடி நிறுத்தினார்கள். புகை வாசம் இருக்கத்தான் செய்தது. ஹாஜியார் கப்பை வழித்துக் குடித்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் ஊத்தும்மா" என்று நீட்டினார். அதற்குப் பிறகு எல்லோரும் நீட்டினார்கள்.

அவர்கள் கிளம்பிப் போனதும் பாத்திரம் தேய்க்க நானும் சுரேஷ்குமாரும் உட்கார்ந்தோம். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை. அடியில் கரி ஒரு விரற்கடை தடிமனுக்கு இறுகியிருந்தது. கொஞ்ச நேரம் சுரண்டிய பிறகு அவர் கையை நிறுத்தினார்.

"பாய், ஒண்ணு சொல்லோணும். இந்த அடுப்பு கஞ்சிக்கு வாங்கினதில்லீங்க. பீரு காய்ச்சறதுக்கு வாங்கினது."

பார்லி, செப்புக்குழாய், கசப்பு மொட்டு, குழாய் வைத்த பாத்திரம் எல்லாம் வரிசையாக வந்து என் முன்னால் நின்று சலாம் சொல்லின.

"லைசென்ஸ் இல்லாம இங்க காய்ச்சக் கூடாதுன்னு அகிலா படிச்சுப் பாத்துச் சொன்னா. அன்னிக்கே விட்டுட்டேனுங்க. ஒரு சொட்டு கூடக் காய்ச்சல. உங்ககிட்ட கடையிலயே சொல்லியிருக்கோணும். நீங்க கண்ணு கலங்கி நின்னீங்க. எனக்கு வாய் வரல."

இந்த இடத்தில் ஒரு நல்ல மனுஷன் என்ன சொல்வான்? 'தப்பு என் மேலதான் சார்' என்பான். நான் சொன்னது இது:

"எனக்கு அப்பவே தெரியும் சார்."

சுரேஷ்குமார் என்னை நிதானமாகப் பார்த்தார். "அப்புறம் எதுக்குங்க ஹாஜியாரைக் கூட்டிட்டு வந்தீங்க?"

நான் பாத்திரத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தேன்.

ஹிஃப்ஸாவிடம் மறுநாள் சொன்னேன். வேறு யாராவது சொல்லி அவளுக்குத் தெரிவதைவிட அதுவே மேல். அவள் போனைத் தூக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். திரையில் எங்கள் வீட்டு மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது, ரொம்ப நேரம். பிறகு வந்து, அரிசி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, கறியை எப்போது போட வேண்டும், தேங்காய்ப்பாலைக் கடைசியில் எப்படி ஊற்ற வேண்டும் என்று அகிலாவுக்கு நேராக வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். நம்பரை மட்டும் என்னிடம் வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை சுரேஷ்குமார் ஜெட் அடுப்பைக் காரில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். நான் ஷட்டருக்குப் பின்னால் ஸ்டாக் பார்க்கப் போய்விட்டேன். அவர் நேராகக் கல்லாவுக்குப் போய் ஹாஜியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பீர் உட்பட. அவருக்கு மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு இருக்க முடியாதாம். எனக்கு அந்த நோய் இல்லை.

ஹாஜியாரின் விரலில் மணி நின்றது.

"ரிபாயி!"

வந்தேன்.

"இவங்க ஒங்கிட்டக் கஞ்சின்னு சொன்னாங்களா?"

"தானியம்னு சொன்னாங்க, ஹாஜியார்."

அவர் தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். தோள் குலுங்கிய பிறகுதான் அவர் சிரிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"தம்பி, நீங்க அத விட்டுட்டீங்கள்ல, அல்ஹம்துலில்லாஹ். பன்னண்டு பேரு ஒங்க வீட்டுல நோம்பு தொறந்தாச்சு. அது இல்லன்னு ஆயிருமா? அடுத்த வெள்ளிக்கெழமையும் வர்றோம். அந்த வளைய அடுப்ப எடுத்துட்டுப் போங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தார். "ரிபாயி சாப்புடும்போது மட்டும் வரட்டும்."

அப்படித்தான் நடந்தது. மீதி வெள்ளிக்கிழமைகளில் வளைய அடுப்பு பூ மாதிரி எரிந்தது. சுரேஷ்குமார் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்துத் தீயைக் கூட்டிக் குறைத்தார். குழாயில் கஞ்சி தடையில்லாமல் இறங்கியது. பலூச்சிக்காரரும் பாத்திரத்தோடு மதிலைச் சுற்றி வந்துவிட்டார். பார்லி மூட்டையை ஹாஜியார் வாங்கிக்கொண்டார். கிட்னியில் கல் இருப்பது அவருக்குத்தான். அதை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று நான் சந்தேகப்பட்டபோது, "புளிக்க வெச்சாத்தானுங்க பாய் அது. இது வெறும் தானியம்" என்றார் சுரேஷ்குமார். பீருக்காக முளைகட்டிக் காயவைத்ததால் இனிக்கிறதென்று ஹாஜியார் சந்தோஷமாகக் குடித்தார்.

பெருநாளன்று ஹாஜியார் வீட்டில் விருந்து. அகிலாவும் சுரேஷ்குமாரும் வந்திருந்தார்கள். அல் குசைஸிலிருந்து வந்த ஒரு ஊர்க்காரர், ராஷிதியாக் கஞ்சியைப் பற்றிக் கேள்விப்பட்டவர், எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ரிபாயி காக்கா, அந்தக் கஞ்சி நீங்க சொல்லிக் குடுத்ததாமே? அப்புடி என்ன பக்குவம் அது?"

நான் தட்டைக் கீழே வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதாவது, மொதல்ல அரிசிய..." என்று ஆரம்பித்தேன்.

"நாழி அரிசிக்குப் பன்னெண்டு நாழி தண்ணிங்க" என்றார் அடுத்த வரிசையிலிருந்து அகிலா. "மத்தது நான் எழுதித் தர்றேன். பாய் சாப்பிடட்டும்."

எனக்கும் பசிதான். சாப்பிட்டேன்.